நாலு செடிக்கு அனுமதி

பக்கத்து வீட்டு முருங்கை மரத்தின் ஒரு கிளை எங்கள் மாடிப்படியின் மேல் சாய்ந்திருந்தது. கை நீட்டினால் கீரை. திண்டுக்கல்லில் அப்படிப்பட்ட கிளைக்குச் சொந்தக்காரர் என்று தனியாக யாரும் கிடையாது. வெயிலுக்கும் காற்றுக்கும் எட்டுகிற கைக்கும் அது பொது. நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு மட்டும் அது அடுத்தவர் சொத்து. இரண்டு கைப்பிடி கீரை பறித்துக்கொள்ள அனுமதி கேட்டு, முழு வெள்ளைத்தாளில் என்னை எழுதச் சொல்லி, தேதி போட்டு, நடுங்குகிற கையால் கையெழுத்திட்டு, என்னிடமே கொடுத்தனுப்பினார். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுத்து தெரியாது. கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் மகன் வந்து படித்துப் பார்த்து, வந்த கோபத்தில் கிளையையே வெட்டி எங்கள் வாசலில் போட்டான். கிளை போனதில் இவருக்கு வருத்தமில்லை.

"பதில் எழுத்துல வரலையே தம்பி," என்றார்.

கிளை வாசலிலேயே கிடந்து வாடியது. ஓர் இலை பறிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் எங்கள் இரண்டு வீட்டிலும் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை.

நாகல் நகரில் அந்த வீட்டு மாடியில் மூன்று வருடம் குடியிருந்தேன். கல்யாணப் பத்திரிகைக்கும் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலித் தட்டிக்கும் வாசகம் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான். இடையிடையே யாரும் கேட்காத கவிதைகள். ஒரு வரி எழுதினால் நாலு தடவை மொட்டைமாடியில் நடக்க வேண்டும். நடக்கும்போது தூரத்தில் மலைக்கோட்டைப் பாறை கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி காயும். அதைப் பார்த்தால் அடுத்த வரி வரும், அல்லது வராது. கீழே இருந்தவரோ முப்பத்தைந்து வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கோப்பு பார்த்து, அரசு அலுவலகமொன்றில் சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவர். தெருவே அவரைச் சூப்பிரண்டம்மா என்றுதான் சொல்லும். என்னைப்போல அலைகிறவனும் அவரைப்போல ஆணியடித்த மாதிரி நிற்கிறவரும் ஒரே கூரையின் கீழும் மேலும் இருந்தால் என்ன ஆகும் என்பதை, இதைப் படிக்கிறவர்கள் யாராவது ஆறு மாதம் அங்கே குடியிருந்து பார்த்திருந்தால் நான் பல்லைக் கடிக்கும் சத்தத்தை மன்னித்துவிடுவார்கள்.

ஒரு நாய்கூடக் குறுக்கே வராத மத்தியானத்தில், சிக்னலில் சிவப்பு விழுந்தால் ஆட்டோவை நிறுத்தச் சொல்வார். ஆட்டோக்காரர் முனகினால், இறங்கி நின்றுகொள்வார். பச்சை விழுந்ததும் ஏறுவார்.

அவர் கணவர், நான் பெரியவர் என்று சொல்வேன், பழனி ரூட்டில் கண்டக்டராக இருந்து ரிட்டையரானவர். மனைவியை அவர் 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான மறுவாரம் இந்த அம்மா அவருடைய பஸ்ஸிலேயே ஏறினாராம். புருஷன்காரன் முன்னால் நிற்க, கை நீட்டி டிக்கெட் கேட்டாராம்.

"பஸ்ஸு பூரா சிரிக்குது தம்பி," என்று பெரியவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "இது டிக்கெட்ட மடிச்சு மோதிரத்துக்குள்ள செருகிக்கிட்டு சன்னல் வழியா வேடிக்கை பாக்குது. அன்னைக்கே இறங்கி ஓடியிருக்கணும். நான் கண்டக்டரு, எப்புடி இறங்குறது?"

நான் குடிவந்த முதல் வருடத்தில் பெரியவருக்கு இடது விலாவில் அக்கி வந்தது. சின்னாளபட்டிப் பக்கம் பானை வனைகிற வேளார் ஒருவரிடம் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டார்; ஆஸ்பத்திரி மாத்திரையும் சாப்பிட்டார். கொப்புளம் காய்ந்தது, வலி காயவில்லை. முதுகிலிருந்து மார்வரை ஒரு கை அகலத்துக்குத் தோல் தனக்கென்று ஒரு புத்தியை வைத்துக்கொண்டது. காற்று பட்டால் எரியும். சட்டை நூல் பட்டால் தீ. அதற்குப் பிறகு அவர் சட்டை போடவில்லை. வலது தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

அந்த உடம்போடுதான், பெரியவர் மேலே ஒரு வழவழத்த சால்வை மட்டும் சுற்றிக்கொள்ள, இருவரும் மகள் பிரசவத்துக்குக் கனடா போனார்கள். ஆறு மாதம். நான் அங்கே இருக்கவில்லை. ஆனால் அந்த அம்மா எனக்கு அதை எத்தனை தடவை சொன்னாரென்றால், நான் பார்த்திராத அந்த நிலவறையின் ஈரம்கூட என் மூக்கில் இருக்கிறது.

போன மூன்றாம் நாள் மருமகன் பெருமையாகக் கீழே கூட்டிக்கொண்டு போனானாம். நிலவறையில் ஒரு கறுப்புத் துணிக் கூடாரம். ஜிப்பை இழுத்தால் உள்ளே வெள்ளித்தாள் ஒட்டின மாதிரி சுவர், தலைக்கு மேல் ஊதா விளக்கு, மூலையில் சின்ன மின்விசிறி. விளக்குக்கடியில் தொட்டிகளில் செடி. பல் பல்லாக, விரல் விரலாக இலை. அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த போதை ஒழிப்புச் சுவரொட்டியில் வேலைக் காலம் முழுக்கப் பார்த்த இலை. அந்த அம்மா மேலே வந்து பெட்டியை எடுத்து உடுப்பு அடுக்க ஆரம்பித்துவிட்டார். நிறைமாத மகள் பின்னாலேயே வந்து, இங்கே இது சட்டப்படி சரி, வயது வந்தவர்கள் வீட்டுக்குள் வளர்க்கலாம் என்று அழாத குறையாகச் சொன்னாள். பேச்சு எடுபடவில்லை. அரசாங்கம் போட்ட பக்கங்களை அச்செடுத்துக் கையில் கொடுத்தபிறகுதான் பெட்டி மூடாமல் நின்றது.

இரண்டு நாள் படித்தார். பக்கத்தில் அகராதி, கையில் பென்சில். மூன்றாம் நாள் நிலவறைக்கு இறங்கிப் போய் ஒவ்வொரு தொட்டியாக விரலால் தொட்டு எண்ணினார்.

"வீட்டுக்கு நாலுன்னு போட்டுருக்கு மாப்ள. ஆளுக்கு இல்ல, வீட்டுக்கு. அஞ்சு நிக்கிதே?"

ஒன்று பட்டுப்போனால் இருக்கட்டுமே என்று ஒன்று கூடுதலாக வைத்தேன் என்று மருமகன் சொன்னான். எது கூடுதல் என்று கேட்டார். அவன் சும்மா கையைக் காட்டினான். காட்டிய செடியைப் பிடுங்கிவிட்டார். இருந்ததிலேயே வளர்த்தியான செடி அதுதானாம். அன்று ராத்திரி மாப்பிள்ளை சாப்பிட வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடிபடாதது. அந்த நாலு செடிக்கும் இவரே காவல்காரர் ஆனார். விளக்கு போடும் நேரம், அணைக்கும் நேரம், தண்ணீர் ஊற்றிய அளவு எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு. சின்னக் குழந்தை வரப்போகிற வீடு என்று கூடாரத்துக்குப் பூட்டு வாங்கிப் போடச் சொன்னார். அந்த நாலும் முடிந்து அடுத்ததற்கு விதை வாங்கப் போனபோது தானும் கூடவே போனார். நகைக்கடை மாதிரி கண்ணாடி அலமாரி, மெடிக்கல் ஷாப் மாதிரி சுத்தம். வாசலில் நின்ற பெண் இவரிடம் வயதுக்கு அத்தாட்சி கேட்டிருக்கிறாள். அறுபத்தாறு வயது, நரைத்த தலை, ஸ்வெட்டருக்கு மேல் சுங்குடிச் சேலை. பாஸ்போர்ட்டை நீட்டும்போது தனக்குக் கண் கலங்கிவிட்டது என்றார். "என்கிட்டயே கேக்குறாக தம்பி. விலக்கே இல்ல. அது நாடு." விதைப் பொட்டலத்தில் அரசாங்க வரி முத்திரை ஒட்டியிருந்தது; அதை நகத்தால் தடவிப் பார்த்தாராம். பில்லைக் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்தார். ஈரத்தாளுக்கிடையில் விதை வெடித்து வெள்ளையாய் வேர் எட்டிப் பார்த்ததைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் சட்டம் இருக்காது.

முதல் அறுப்பில் மருமகன் பூவைப் பதமாக வாட்டி எண்ணெய் எடுத்தான். அங்கிருந்த டாக்டரிடம் கேட்டுக்கொண்டு பெரியவருக்கு நாக்கடியில் இரண்டு சொட்டு. ஒரு வாரத்தில் அவர் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கினார். விழித்ததும் மனைவியைப் பார்த்து, எந்த ஸ்டாப் வந்திருக்கு என்று கேட்டாராம்.

ஊர் திரும்பும்போது மருமகன் சின்னக் குப்பி ஒன்றைப் பெட்டியில் வைக்கப் பார்த்தான். வேண்டாம் என்றார். ஏர்போர்ட்டில் கேட்டால் என்ன சொல்வது?

"கேக்க மாட்டாங்க அத்தை."

"கேக்காட்டி, நான் என்னைக்குச் சொல்லித் தீக்கிறது?"

குப்பி கனடாவில் தங்கியது. வலி மட்டும் எந்தச் சோதனையும் இல்லாமல் கூடவே வந்துவிட்டது.

வந்த பத்தாம் நாள் கீழேயிருந்து, "தம்பி, செத்த வாங்க," என்று குரல். போனேன். மேசையில் வெள்ளைத்தாள். திங்கள்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸில் கொடுக்க ஒரு மனு எழுத வேண்டும். விஷயம் என்ன என்றேன். கணவரின் மருத்துவத் தேவைக்காக, வீட்டுக்குள், பூட்டிய அறையில், நாலு கஞ்சாச் செடி வளர்க்க அனுமதி கோரி.

என் கையெழுத்து ஊருக்கே தெரியும். பாதிக் கல்யாணப் பத்திரிகை என் எழுத்தில்தான் போயிருக்கிறது. இந்த நாட்டில் அந்தச் செடியை வளர்ப்பது குற்றம், ஒன்று வளர்த்தாலும் உள்ளே வைப்பார்கள் என்றேன். சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். அரசு அனுமதியின்றி வளர்ப்பதுதான் குற்றம் என்று இருந்தது. 'அனுமதியின்றி' என்ற சொல்லின் கீழே பென்சில் கோடு.

"அம்மா, இந்த ஊர்ல இத எழுதிக் கேக்குற ஒரே ஆளு நீங்கதான்."

"அதான் தம்பி. யாரும் கேக்காமலே இல்லன்னு முடிவு பண்ணிக்கிட்டாக."

எழுதினேன். 'வலி என்பது வாடகை கொடுக்காமல் உடம்பில் குடியேறிய' என்று ஆரம்பித்தேன். பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டார். முதலில் 'பொருள்' போட வேண்டும். அப்புறம் 'பார்வை', அதாவது முந்தைய கடித விவரம். முதல் மனு என்பதால் 'இல்லை' என்று போட வேண்டும். வலியைப் பற்றி ஒரே வரி: 'என் கணவர் நரம்பு வலியால் பாதிக்கப்பட்டுள்ளார்.' இதில் என்ன கவிதை வேண்டிக்கிடக்கிறது?

அந்தத் திங்கள் நானும் கூடப் போனேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரர்கள் மனுக் கொடுக்க வருகிறவர்களின் பையைச் சோதித்தார்கள். யாராவது மண்ணெண்ணெய் கொண்டு வந்து ஊற்றிக்கொள்வார்களோ என்ற பயம். இவருடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்கள். இவர் அதை ரசித்தார். சரியான நடைமுறை என்று அவர்களிடமே சொன்னார். உள்ளே மனு வாங்கிப் பதிவு செய்தவர், 'பொருள்' வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

இப்படி ஏழெட்டுத் திங்கள்கிழமை. 'பார்வை' நீண்டுகொண்டே போனது. மனு மேசை மேசையாக அலைந்தது. ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து, தாங்கள் கோரியபடி மாடித்தோட்டத்துக்கு வெண்டை, கத்தரி, தக்காளி விதைத் தொகுப்பு பெற்றுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. இவர் அதற்கும் மறுப்புக் கடிதம் எழுதவைத்தார். நான் கோரியது வெண்டை அல்ல.

இதற்கிடையில் சாமான் போடுகிற அறையைக் காலி செய்து வெள்ளையடித்தார். சன்னலுக்குக் கறுப்புத் துணி, கதவுக்குப் பூட்டு. கடையில் சொல்லி வைத்து ஊதா விளக்கு ஒன்று வரவழைத்து மாட்டினார். அந்த விளக்கு எரிந்தால் வீட்டு உபயோகமா, விவசாய உபயோகமா என்று மின்சார ஆபீஸில் போய்க் கேட்டார். "வெளக்குதானம்மா?" என்றிருக்கிறார் அங்கிருந்தவர். எழுதிக் கொடுங்கள் என்றிருக்கிறார் இவர். அறைக்குள் நாலு மண்தொட்டி. சுண்ணாம்பால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உள்ளே வெறும் மண். அந்த வெறும் மண்ணுக்குத் தினமும் காலையில் தண்ணீர் தெளித்தார். அனுமதி வரும்போது மண் பழகியிருக்க வேண்டுமாம். தணிக்கைக்கு எப்போது வேண்டுமானாலும் வருவார்கள், அறை தயாராக இருக்க வேண்டும். கல்யாணம் நிச்சயமாகாத வீட்டில் தினமும் பந்தி இலை போட்டு எடுப்பதைப் போல இருந்தது எனக்கு.

இவ்வளவும் நடக்கும்போது கூடத்துச் சாய்வு நாற்காலியில், சாயாமல், முன்னால் குனிந்தபடி பெரியவர் உட்கார்ந்திருப்பார். ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால் ஒரு மணி நேரத்தில் வேண்டியது கைக்கு வந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருமுறை அவர் என்னிடம் கண்ணால் கேட்டார். நான் வாயால் தைரியம் சொன்னேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

ஒரு முற்பகலில் அந்த அம்மா மாடிப்படி ஏறி வந்தார். எப்போதும் கீழேயிருந்து கூப்பிடுகிறவர். மூச்சு வாங்கியது.

"ரெண்டாம் நம்பர் தொட்டி. நேத்து வரைக்கும் களைன்னு நெனச்சேன்," என்றார்.

போய்ப் பார்த்தேன். ஊதா வெளிச்சத்தில், பழகிப்போன ஈரமண்ணில், ஒரு விரல் உயரத்துக்குச் செடி. முதல் வித்திலை இரண்டும் வழவழப்பாக. அதற்கு மேலே அடுத்த இரண்டும் ஓரத்தில் ரம்பப் பல்லோடு. நான் அதுவரை அந்தச் செடியைப் பார்த்ததில்லை. ஆனால் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கூடத்தில் பெரியவர் காலண்டரை மிக அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ள கனடா வெதை ஒண்ணே ஒண்ணு ஏறிருச்சு தம்பி," என்றார், என்னைப் பார்த்து. "நான் ஏத்தல. அதுவா ஏறிருச்சு. டிக்கெட் எடுக்கல."

நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. பெரியவர் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார். குரல் மாறியது.

"மேடம், மூணு மாசம். மூணு மாசம் அந்தப் பக்கம் பாக்காம இருங்க. அம்புட்டுதான் கேக்குறேன்."

நானும் சொன்னேன். ஒரு செடி. பூட்டிய அறை. உங்கள் பூட்டு. யாருக்கும் தெரியப்போவதில்லை. இத்தனை திங்கள் கேட்டும் பதில் சொல்லாதவர்கள் இதையா வந்து பார்க்கப் போகிறார்கள்? அந்த அம்மா சொம்பை எடுத்துப் போய் நாலு தொட்டிக்கும் தண்ணீர் தெளித்தார். இரண்டாம் தொட்டிக்கும்தான். மறுநாளும் தெளித்தார். அதற்கு மறுநாளும். மொட்டைமாடியில் நான் நடையாய் நடந்தேன். சிறுமலைப் பக்கமிருந்து காற்று வந்தது. உலகம் இளகுகிறது, பாறையும் இளகும் என்று மனசுக்குள் ஒரு வரி ஓடியது. அதை எழுதி வைக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

நாலாம் நாள் காலை, "எழுதுங்க தம்பி," என்றார். கனம் காவல் ஆய்வாளர் அவர்களுக்கு. பொருள்: கஞ்சாச் செடி ஒன்றை ஒப்படைத்தல், தொடர்பாக. 'என் வீட்டில், என்னால் நடப்பட்டு முளைத்த' என்று சொல்லிக்கொண்டே போனார். என் பேனா நின்றது.

"நட்டது ஐயாதான?"

"எழுதுங்க."

"அது பொய்யாச்சேம்மா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கூடத்துப் பக்கம் பார்த்தார். "அவுகளால ஸ்டேஷன் பெஞ்சில சாஞ்சு உக்கார முடியாது தம்பி," என்றார்.

எழுதினேன். கோபத்தில் பேனா முள் தாளைக் கிழித்தது. கண்டக்டரான புருஷனிடமே டிக்கெட் வாங்கியவர், ஐந்தாம் செடியைப் பிடுங்கியவர், வாழ்க்கையில் முதல் பொய்யைச் சொல்கிறார். அதையும் எழுத்தில், நகலோடு, போலீஸுக்குச் சொல்கிறார். சும்மா இருக்கிறதற்கு ஒரு பொய்கூடத் தேவைப்பட்டிருக்காதே!

ஆட்டோவில் போனோம். தொட்டி அவர் மடியில், மேலே ஈரத்துண்டு. வேண்டாம் என்று சொல்லியும் பெரியவர் ஏறிக்கொண்டார். பள்ளம் வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பை எதிலும் படாமல் தூக்கி வைத்துக்கொண்டார். அந்த அம்மா ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் ஆட்டோக்காரரிடம், மெதுவா, என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனில் ஆய்வாளர் இல்லை. ஒரு ஏட்டு இருந்தார். ரிட்டையராகப் போகிற வயது, தொந்தி, மேசையில் பாதி குடித்த டீ. கடிதத்தை முழுசாகப் படித்தார். துண்டை விலக்கிச் செடியைப் பார்த்தார். பிறகு சட்டையில்லாமல், பெஞ்சு இருந்தும் நின்றுகொண்டேயிருந்த பெரியவரைப் பார்த்தார். விலாவில் கறுத்துக் கிடந்த தடத்தைப் பார்த்தார்.

"யாரு நட்டது?"

"நான்தான்," என்றார் அந்த அம்மா.

பெரியவர், "சார், அது வந்து," என்று தொடங்கினார்.

"நீங்க பேசாதீங்க." அந்த அம்மா கணவரை அதட்டி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஏட்டு டீயைக் குடித்து முடித்தார். தம்ளரைத் தள்ளி வைத்தார். "இது புளிச்சக்கீரைம்மா," என்றார்.

"இல்லங்க சார்."

"எங்க வீட்டுக் கொல்லையில நிக்கிது. தினமும் பாக்குறேன்."

"புளிச்சக்கீரைக்கு ஓரம் இம்புட்டுப் பல்லா இருக்காது சார். இது..."

"அம்மா." ஏட்டு கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "நான் இத வேறன்னு எழுதுனா, நீங்க ரெண்டு பேருல ஒருத்தர் இன்னைக்கு வீட்டுக்குப் போக மாட்டீங்க. அது யாருன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இது புளிச்சக்கீரை."

நான் எதையும் பார்க்காமல் நின்றேன். அப்போதும் அந்த அம்மா விடவில்லை. நகலில் ஒப்புதல் வேண்டும் என்றார். ஏட்டு தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பேனாவை எடுத்து, 'புளிச்சக்கீரைச் செடி ஒன்று, தொட்டியுடன் பெறப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அசலை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். இவர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். நான் பல்லைக் கடித்துக் காத்திருந்தேன், இதோ திருத்தச் சொல்லப்போகிறார். மடித்துக் கைப்பையில் வைத்தார்.

ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். ஏட்டு செடியைப் பிடுங்கி, உள்ளங்கையில் கசக்கி, வேப்பமரத்தடியில் போட்டுச் செருப்புக்காலால் மண்ணைத் தள்ளினார். பெரியவரும் பார்த்தார்.

அதற்கப்புறம் பெரியவர் மனைவியோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. காலையில் கீழே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தமும், அதற்கு நடுவில் பெரியவர் பல்லுக்குள் அடக்குகிற சத்தமும் மேலே வரும். அந்த நேரத்தில் எனக்கு அந்த அம்மாவை உலுக்க வேண்டும் போல இருக்கும். உங்கள் நேர்மை உங்களுக்கு அழகு. அது எரிவது இன்னொருத்தர் தோலில். இந்த வாக்கியத்தை அவரிடம் சொல்ல ஒரு வாரம் மனசுக்குள் இழைத்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் படியேறி வந்து, இன்னொரு மனு, என்றார். எழுத மாட்டேன் என்றேன். இழைத்து வைத்ததையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மேல்படியிலேயே உட்கார்ந்தார்.

"சரிதான் தம்பி," என்றார். பிறகு, "பொருள் வேணாம். பார்வை வேணாம். நான் சொல்றத அப்புடியே எழுதுங்க."

அவர் சொன்னதை எழுத்துத் தமிழாக்கியது மட்டும்தான் என் வேலை. இப்படி இருந்தது:

'காலையில் அவரை நான்தான் குளிப்பாட்டுகிறேன். முதல் சொம்பைக் காலில் ஊற்றுவேன். இரண்டாவது வலது தோளில். இடது பக்கம் ஊற்றுவதற்கு முன் ஊற்றவா என்று கேட்பேன். அவர் ம் சொல்கிற வரைக்கும் சொம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சில நாள் ம் வராது. அன்றைக்கு இடது பக்கம் நனையாமலே துவட்டிவிடுவேன். ஒன்றரை வருடமாக அவர் சட்டை போடவில்லை. பேரன் பிறந்தபோது தூக்கவில்லை. நாலு செடிக்கு அனுமதி தர முடியாவிட்டால், வேறு என்ன தர முடியும் என்று தெரிவிக்கவும்.'

நாற்பத்தாறு வயதில் நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அது. அதில் என் சொல் ஒன்றுகூடக் கிடையாது.

பதில் மூன்று வாரத்தில் வந்தது. செடி வளர்க்க அனுமதிக்க வழியில்லை என்று ஒரு வரி. கூடவே என் கையெழுத்தில் இருந்த மனுவின் நகல். குளியல் பத்தியின் ஓரமாக யாரோ பென்சிலால் ஒரு நெடுங்கோடு போட்டிருந்தார்கள். அடியில், அரசு ஆஸ்பத்திரியில் வலிக்கென்று இருக்கிற பிரிவுக்குப் போகும்படி ஒரு குறிப்பு, நாளும் நேரமும் போட்டு. அப்படி ஒரு பிரிவு இருப்பது அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. மாத்திரை எழுதிய டாக்டர் யாரும் சொல்லவும் இல்லை. அங்கே முதுகெலும்புக்குப் பக்கத்தில் நரம்புக்கு ஊசி போட்டார்கள். முதல் ஊசியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் வலி பாதி இறங்கியது. மூன்றாவது முடிந்த வாரத்தில் பெரியவர் கதர்ச்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பொத்தானாக, ஏதோ பூட்டுகளைச் சோதிப்பது மாதிரி போட்டு, டீக்கடைவரை நடந்து போனார். தெருவில் நாலு பேர் அவரை அடையாளம் தெரியாமல் பார்த்தார்கள். திரும்பி வந்து, "மேடம், ஒரு டீ குடிச்சேன். அனுமதி வாங்கல," என்றார். அவர்கள் மறுபடி பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

எழுதிக் கேட்டால் ஒன்றும் நடக்காது என்று நூறு தடவை சொன்னவன் நான். ஒருநாள்கூட அந்த அம்மா அதை எனக்குச் சுட்டிக்காட்டவில்லை. அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அதன்பிறகு நான் ஒன்றுக்காகக் காத்திருந்தேன். நட்டது நான் என்று சொன்னது தவறு, அது புளிச்சக்கீரையும் அல்ல என்று ஸ்டேஷனுக்கு ஒரு திருத்தக் கடிதம். வராமல் இருக்காது. வந்தால் ஒரே வார்த்தையில் மறுத்துவிடத் தயாராக இருந்தேன். ஊதா விளக்கைக் கழற்றியதை மின்சார ஆபீஸுக்குத் தெரிவிக்க வந்தார். பென்சில் கோடு போட்ட முகம் தெரியாத ஆளுக்கு நன்றிக் கடிதம் எழுத வந்தார். ரேஷன் கார்டில் எழுத்துப் பிழை என்று வந்தார். ஒவ்வொரு முறையும் கடைசியில் இதைக் கேட்பார் என்று நினைப்பேன். கேட்காமல் இறங்கிப் போவார்.

காந்திகிராமம் பக்கம் வேறு வீடு பார்த்துக்கொண்டு நான் காலி செய்கிற வாரத்தில், எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, நான் போறதுக்கு முன்னால அந்த ஸ்டேஷன் விஷயம் எதாச்சும் எழுதணுமா?"

வாளியிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார். பெரியவருடையது. இரண்டு தோளையும் பிடித்துப் பலமாக ஓர் உதறு உதறினார். என் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"எந்த ஸ்டேஷன் தம்பி?" என்றார், வாயில் கவ்வியிருந்த துணிக் கிளிப்பை எடுக்காமலே.